வன்னி வீட்டுக்கு ட்ரில் மெஷின்: தெரிவு செய்வது முதல் துளை போடுவது வரை முழுமையான வழிகாட்டி

புது ட்ரில் வாங்கியதும் பலர் முதலில் கை வைப்பது யன்னலுக்கு மேலே, கேர்ட்டின் கம்பி பூட்டும் இடத்தில். சுவர் முழுக்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் அந்த இடத்தில் பூச்சுக்குப் பின்னால் இருப்பது கல் அல்ல, கம்பி கட்டி வார்த்த லின்ரல். ஹமர் (சுற்றும்போதே தட்டும் வசதி) இல்லாத ட்ரில்லை அங்கே வைத்தால் பூச்சு மட்டும் உதிரும். அரை அங்குலம் போனதும் பிட், அதாவது துளை போடும் கம்பி, முன்னே நகராமல் நின்ற இடத்திலேயே சுற்றிச் சூடாகும். மெஷின் கூடாது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. மெஷினில் பிழையில்லை, வீட்டைப் பார்க்காமல் வாங்கியதுதான் பிழை.

ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டையும் வளவையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வருகிற ஒரு வருடத்தில் எங்கெங்கே துளை போடப் போகிறீர்கள், அது கல்லா, மரமா, இரும்பா என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பலர் கேட்பதில்லை.

சுவர், மரம், இரும்பு

2009க்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எழுந்த வீடுகளில், இந்திய வீட்டுத்திட்ட வீடுகள் உட்பட, பெரும்பகுதி சீமெந்துக் கல் சுவர். மேலே 12 முதல் 20 மில்லிமீற்றர் வரை பூச்சு இருக்கும். ஆனால் சீமெந்துக் கல் எல்லாம் ஒரே தரம் அல்ல. சீமெந்து குறைத்து அரிந்த கல் பிட் பட்டவுடன் மண்ணாகக் கொட்டும். நல்ல கலவையில் அரிந்த கல்லில் சல்லி குறுக்கே வந்து பிட்டைப் பக்கத்துக்குத் தள்ளும். கல் எப்படி என்று அறிய, கண்ணுக்குப் படாத ஒரு மூலையில், கட்டிலுக்குப் பின்னாலோ அலுமாரிக்குப் பின்னாலோ, 6 மி.மீ. துளை ஒன்றைப் போட்டுத் தூளைப் பாருங்கள். பூச்சின் தூள் மெல்லியதாக, வெளிர்ந்து வரும். கல்லுக்குள் போனதும் தூள் கறுத்து, கையில் தேய்த்தால் மணல் நெருடும். செங்கல் என்றால் சிவப்புத் தூள். வெண்சாம்பல் நிறத்தில் மாவுபோலத் தூள் வந்து, பிட்டும் அங்குலம் அங்குலமாக மல்லுக்கட்டினால் அது கொங்கிறீற்.

மரத்தில் எங்கள் பக்கத்து வில்லங்கம் தனி. வெளிநாட்டு வழிகாட்டிகள் பைன் பலகையை வைத்து எழுதப்பட்டவை. இங்கே கதவு நிலை முதிரை அல்லது பாலை, கதவு தேக்கு அல்லது வேம்பு, கூரையில் பனஞ்சிலாகை. பாலையில் துளை போடாமல் ஸ்குறூ ஏற்ற முயன்றால் தலை முறியும், அல்லது நிலை வெடிக்கும். பனையின் கறுத்த நார் பிட்டை இழுத்துக்கொண்டு போகும், நாருக்கு நடுவிலுள்ள மென்பகுதியில் பிட் வழுக்கும். எனவே “பலகையில் 25 மி.மீ. வரை” என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பாலைக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு என்றால் பெரும்பாலும் கேற், பொக்ஸ் பார், தண்ணீர்த் தாங்கியின் ஸ்ராண்ட், கூரைச் சீற், இப்போது சோலர் பனல் பூட்டும் அலுமினியச் சட்டம். இவற்றுக்குப் பெரிய பலம் தேவையில்லை. வேகத்தைக் குறைக்கக்கூடிய மெஷின் தேவை.

வன்னியில் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். காணி கொத்தும்போது கிளம்பிய, என்னவென்று தெரியாத இரும்புக் குழாய், உருளை, துருப்பிடித்த பெட்டி எதிலும் துளை போடவோ தட்டவோ வேண்டாம். தொடாமல் இடத்தைக் குறித்துவிட்டு பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

வீட்டுக் கரண்ட் எப்படி?

இங்கே கரண்ட் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமருக்குத் தூரமாக, லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் பின்னேரம் வோல்ற் இறங்கும். பல்ப் மங்குகிற நேரத்தில் ட்ரில்லும் இளைக்கும். மோட்டர் திணறும்போது அழுத்திப் பிடித்தால் சுருள் கருகும். லின்ரல், தூண் போன்ற கடின வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்டென்ஷன் வயரைப் பற்றி ஒரு தவறான பயம் உண்டு. 1 சதுர மி.மீ. செப்பு வயர் 30 மீற்றர் நீட்டினாலும் 600 வாட் ட்ரில்லுக்கு இழப்பு சுமார் 3 வோல்ற்தான். கெடுப்பது நீளம் அல்ல, இடையில் முறுக்கி ரேப் சுற்றிய மூட்டும், தளர்ந்த சொக்கெற்றும். வேலை நடக்கும்போது மூட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் அந்த வயரை வெட்டி எறியுங்கள். ரீலில் சுற்றிய வயராக இருந்தால் முழுதாக அவிழ்த்துவிட்டுப் பாவியுங்கள், சுற்றியபடி இருந்தால் உள்ளே சூடேறும். கிரைண்டருக்கும் அதே வயர் என்றால் 1.5 சதுர மி.மீ. எடுப்பது நல்லது.

சில மெஷின்கள் இரண்டு உருண்டை முள் பிளக்குடன் வரும். அதைத் தீக்குச்சி செருகி ஓட்டுவது கூடாது. 13 அம்பியர் சதுர முள் பிளக் ஒன்றை மாட்டி, 5 அம்பியர் பியூஸ் போடுங்கள். மெஷினில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது. அதற்கு எர்த் வயர் இராது, பிளக்கின் எர்த் முள் வெறுமையாக இருக்கலாம். இரட்டைக் காப்பு என்பதற்காக மழையில் நனைந்த நிலத்தில் வெறுங்காலுடன் நின்று வேலை செய்ய முடியாது. வீட்டு ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஜெனரேற்றரில் ஓட்டுவதானால் 600 வாட் ட்ரில்லுக்கு 1 கேவிஏ மட்டுமட்டாகத் தாங்கும், விசையை மெல்ல மெல்ல அழுத்தித் தொடங்க வேண்டும். சோலரில் வேலை செய்யும் மலிவான இன்வேட்டர்களில் பல, லைன் கரண்டைப் போன்ற சுத்த சைன் அலை தருவதில்லை. வேகம் கூட்டிக் குறைக்கும் ட்ரில் அதில் விட்டுவிட்டு ஓடும், இரையும், பற்றரி சாஜரும் சூடாகும்.

கரண்டே இல்லாத வயல் கொட்டில், தூரக் காணி வேலைதான் அதிகம் என்றால் கேள்விக்கே இடமில்லை, பற்றரி ட்ரில்தான்.

நான்கு வகை, வீட்டுக்குத் தேவை ஒன்று அல்லது இரண்டு

சாதாரண ட்ரில் சுற்ற மட்டும் செய்யும். 10 மி.மீ. சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்), 400 வாட் அளவு. மரமும் தகரமும் மட்டும் என்றால் போதும். சீமெந்துச் சுவருள்ள வீட்டுக்கு இதை வாங்குவது காசுக்குக் கேடு.

ஹமர் ட்ரில், கடைகளில் இம்பக்ட் ட்ரில் என்றும் சொல்வார்கள், 13 மி.மீ. சக்கும் 550 முதல் 750 வாட் வரை மோட்டரும் உள்ளது. உள்ளே பல் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும், அதனால் நிமிடத்துக்கு 40,000க்கு மேல் தட்டு விழும். ஒவ்வொரு தட்டும் மிகச் சிறியது, பின்னாலிருந்து நீங்கள் தள்ளினால்தான் வேலை செய்யும். சீமெந்துக் கல்லுக்கு இது தாராளம். லின்ரலில் 6, 8 மி.மீ. துளைக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஆனால் முடியும்.

எஸ்டிஎஸ் ரோட்டரி ஹமர் வேறு சாதி. காற்றழுத்தத்தில் ஓடும் பிஸ்டன் பிட்டின் பின்பக்கத்தில் அடிக்கும். நிமிடத்துக்கு 4,000 தட்டு அளவுதான், ஆனால் ஒவ்வொன்றும் அடி. லின்ரலில் ஹமர் ட்ரில் ஒரு நிமிடம் மல்லுக்கட்டும் துளையை இது சில விநாடியில் முடிக்கும். ஆனால் 3 கிலோ அளவு பாரம், மரத்துக்கும் மெல்லிய இரும்புக்கும் முரடு, பிட்டும் தனி. தூணில் 12 மி.மீ. அங்கர் போல்ட் இறக்க, தட்டு வார்த்த கூரையில் காற்றாடிக் கொக்கி மாட்ட, பழைய பூச்சு உடைக்க என்று எப்போதாவது வரும் வேலைக்கு வாடகைக்கு எடுப்பதே புத்தி.

பற்றரி ட்ரில்லின் பலம் ஸ்குறூ பூட்டுவதில். சக்குக்குப் பின்னாலுள்ள எண் வளையம் கிளச். ஸ்குறூ இறுகியதும் அது “கிற் கிற்” என்று விட்டுவிடும். கூரைச் சீற்றுக்கு இறப்பர் வொஷருடன் ஸ்குறூ பூட்டும்போது இதன் அருமை தெரியும். வயர் ட்ரில்லில் கிளச் இல்லாததால் வொஷர் நசுங்கிப் பிதுங்கி, அடுத்த மாரியில் அந்த இடத்திலேயே ஒழுகும்.

எங்கள் பரிந்துரை சுருக்கமானது. சீமெந்துக் கல் வீடு, வருடத்தில் நாலைந்து தடவை மட்டும் வேலை என்றால் 13 மி.மீ., 600 முதல் 750 வாட் வரையான வயர் ஹமர் ட்ரில் வாங்குங்கள். ஒரு வருடம் அலுமாரியில் கிடந்தாலும் எடுத்தவுடன் ஓடும். பற்றரி அப்படியல்ல, பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் அதற்கு வயதாகும். கதவு, அலுமாரி, கூரை என்று மாதாமாதம் கை வைப்பவர் 18 வோல்ற் ஹமர் வகைப் பற்றரி ட்ரில்லை இரண்டு பற்றரியுடன் வாங்கலாம். லின்ரலுக்கு மட்டும் பக்கத்து வீட்டு வயர் ட்ரில்லை இரவல் கேளுங்கள்.

பெட்டியில் எழுதியிருப்பதை வாசிப்பது

வோல்ற் எண்ணில்தான் அதிகம் ஏமாற்று. லித்தியம் செல் ஒன்றின் சராசரி 3.6 வோல்ற். ஐந்து செல் சேர்ந்தால் 18. முழுச் சாஜில் அதே ஐந்து செல் 20, 21 காட்டும். ஆகவே 18, 20, 21 என்று மூன்று கடையில் மூன்று எண் சொன்னாலும் உள்ளே இருப்பது ஐந்து செல்தான். 12 வோல்ற் என்பது மூன்று செல், அலுமாரி பூட்டப் போதும், பாலை நிலைக்குப் போதாது. 48விஎஃப், 88விஎஃப் என்று பெரிதாக எழுதிய மலிவு மெஷின்களில் அந்த எண் வோல்ற் அல்ல. பற்றரியின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள வோல்ற்றையும் அம்பியர் மணியையும் பாருங்கள். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் உண்மையான கொள்ளளவு: 18 வோல்ற், 2 அம்பியர் மணி என்றால் 36 வாட் மணி, 4 அம்பியர் மணி என்றால் 72.

பற்றரி ட்ரில்லில் முறுக்குவிசை 40 முதல் 60 நியூற்றன் மீற்றர் வரை இருந்தால் வீட்டுக்குக் காணும். மேலே 1, 2 என்று கியர் மாற்றும் நகர்த்தி கட்டாயம் வேண்டும். ஒன்றாம் கியர் நிமிடத்துக்கு 400, 500 சுற்று, ஸ்குறூவுக்கும் பெரிய துளைக்கும். இரண்டாவது 1,500க்கு மேல், சிறு துளைக்கு. மோட்டர் பிரஷ்லெஸ், அதாவது உள்ளே கார்பன் கட்டி உரசாத வகை, என்றால் விலை கூடும், பற்றரி கூட நேரம் நிற்கும், கார்பன் மாற்றும் தொல்லையும் இராது.

பற்றரி வாங்குவது ஒரு கம்பனியோடு சம்பந்தம் செய்வதுபோல. பொஷ், மகிட்டா, டிவோல்ட், இன்கோ, ரோட்டல் என்று ஒவ்வொரு கம்பனியின் பற்றரியும் பெரும்பாலும் மற்றதுக்குப் பொருந்தாது. பற்றரி தனியாக விற்பனைக்கு இருக்கிறதா, வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ யாரிடம் கிடைக்கும் என்று வாங்குமுன் கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் வேறு கம்பனி பாருங்கள்.

வயர் ட்ரில்லில் வாட்டை விட முக்கியம் மூன்று விடயம்: விசையை அழுத்தும் அளவுக்கு வேகம் கூடிக் குறைய வேண்டும், பின்பக்கமாகச் சுற்ற வேண்டும், ஹமரை நிறுத்தும் நகர்த்தி இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். சக் சாவி போட்டு இறுக்குவதாக இருக்கட்டும். கையால் இறுக்கும் பிளாஸ்ரிக் சக் ஹமர் அதிர்வில் தளரும்.

கடையில் கையில் எடுத்ததும்

சும்மா ஓட்டிக் காட்டச் சொன்னால் எந்த மெஷினும் ஓடும். இந்த ஒழுங்கில் பாருங்கள்:

1. 6 மி.மீ. நீளப் பிட் ஒன்றைப் பூட்டச் சொல்லி, ஹமரை நிறுத்தி, மெதுவாகச் சுற்றவிட்டு நுனியைப் பாருங்கள். நுனி வட்டம் போட்டால் முதலில் பிட்டைத் திருப்பிப் பூட்டுங்கள். அப்போதும் ஆடினால் சக் அல்லது அச்சு வளைவு. அந்த மெஷினில் 6 மி.மீ. துளை 7 ஆகும், றோல் பிளக் (ஸ்குறூவைப் பிடிக்கச் சுவர்த் துளைக்குள் செருகும் பிளாஸ்ரிக் உறை) நிற்காது.
2. சக்கைக் கையால் பிடித்து முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். ஹமர் ட்ரில்லில் முன்பின் சிறு அசைவு இயல்பு. பக்க ஆட்டம் இருக்கக் கூடாது.
3. விசையைத் தலைமுடி அளவு அழுத்திப் பாருங்கள். நல்ல சுவிச் எறும்பூரும் வேகத்தில் தொடங்கும். தொட்டதும் பாய்ந்தால் இரும்பில் பிட் வழுக்கும்.
4. முழு வேகத்தில் அரை நிமிடம் ஓடட்டும். காற்றுத் துவாரத்தினூடாகக் கார்பனைப் பாருங்கள். சிறு நீலப் பொறி சரி, வட்டமாகத் தீ ஓடினால் வேண்டாம். கருகல் மணம் வந்தாலும் அப்படியே.
5. பக்கக் கைபிடி, ஆழக் கம்பி, சக் சாவி, மேலதிக கார்பன் பெட்டியில் உள்ளதா பாருங்கள். வொறன்ரி அட்டையில் கடை முத்திரையும் தொடர் இலக்கமும் எழுதி வாங்குங்கள்.

பிரபல கம்பனிப் பெயரில் போலிகளும் உலாவுகின்றன. பெட்டியின் இலக்கமும் மெஷின் தகட்டின் இலக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும்.

பழைய மெஷின் வாங்குவதானால் மேலுள்ள ஐந்தோடு, வயர் கைபிடிக்குள் நுழையும் கழுத்தை வளைத்தபடி ஓட்டுங்கள். விட்டுவிட்டு ஓடினால் உள்ளே வயர் அறுந்திருக்கிறது. மலிவான திருத்தம்தான், விலையைக் குறைக்கக் கேட்கலாம்.

பிட்டுக்கு ஒதுக்கும் காசு

மெஷினுக்குப் பேரம் பேசி மிச்சம் பிடித்த காசைப் பிட்டில் போடுங்கள். ஐம்பது பிட் உள்ள வண்ணப் பெட்டி வேண்டாம். அதில் பாதி ஒருநாளும் தேவைப்படாத அளவு, மீதிப் பாதி முதல் பாலையிலேயே வளையும். எண்ணி வாங்குங்கள்: கல் பிட் 6 மி.மீ. மூன்று, 8 மி.மீ. இரண்டு, 10 மி.மீ. ஒன்று. இரும்புக்கு எச்எஸ்எஸ் (அதிவேக உருக்கு) பிட் 3 மி.மீ. நான்கு, ஏனென்றால் முறிவது இதுதான். 4, 5, 6, 8 மி.மீ. ஒவ்வொன்று. நல்ல எச்எஸ்எஸ் பிட் மரத்துக்கும் ஓடும், ஆகவே மரப் பிட் நடுவில் கூர் உள்ளதாக 8, 10 மி.மீ. மட்டும் போதும். நட்சத்திர முனை ஸ்குறூ பிட் இரண்டாம் இலக்கம் ஐந்து. கூரை ஸ்குறூவுக்கு 8 மி.மீ. காந்தச் சொக்கெற் ஒன்று. 6 மி.மீ. றோல் பிளக் நூறு, 8 மி.மீ. ஐம்பது.

கல் பிட்டின் நுனியில் பதித்த காபைட் துண்டு தண்டை விடச் சற்று அகலமாக இருக்கும். அந்தத் துண்டின் தோள் உருண்டு தண்டோடு சமமாகிவிட்டால் பிட் முடிந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு தள்ளினாலும் சூடு மட்டும்தான் வரும்.

சீமெந்துச் சுவரில்

முதலில் இடம். சுவிச்சுக்கும் சொக்கெற்றுக்கும் நேர் மேலும் நேர் கீழும் துளை போடாதீர்கள், உள்ளே குழாயில் வயர் போகும். குளியலறையில் தண்ணீர்க் குழாயும் அப்படியே. யன்னல், கதவு ஓரத்திலிருந்து 2 அங்குலமாவது உள்ளே தள்ளுங்கள், இல்லாவிட்டால் மூலை உடையும்.

கேர்ட்டின் கம்பிக்கு ஒரு வழி உண்டு. லின்ரல் பெரும்பாலும் 6 அங்குல உயரம். கம்பியின் தாங்கியை அதற்கு மேலே ஏற்றினால் துளை கல்லில் விழும், கேர்ட்டினும் உயரமாகத் தொங்கி அழகாக இருக்கும். லின்ரலைப் பக்கவாட்டில் விலத்த நினைக்க வேண்டாம், பல வீடுகளில் அது வீட்டைச் சுற்றி வளையமாக ஓடுகிறது.

பிட்டில் ஆழம் குறித்து ஒரு துண்டு ரேப் ஒட்டுங்கள். ஆழம் என்பது பிளக்கின் நீளத்தோடு 10 மி.மீ. பிளக் பூச்சுக்குள் அல்ல, கல்லுக்குள் இருக்க வேண்டும். பூச்சு 20 மி.மீ. தடிப்பு, பிளக் 30 மி.மீ. என்றால் பிளக்கை ஆணியால் தட்டிப் பூச்சைத் தாண்டி உள்ளே இறக்கி, அதற்கேற்ப நீளமான ஸ்குறூ போடுங்கள். சுவர்த் தட்டுகள் பூச்சோடு பெயர்ந்து விழுவது இதைச் செய்யாததால்.

ஹமர் இல்லாமல், மெதுவாகத் தொடங்கி 5 மி.மீ. குழி எடுங்கள். பிறகு ஹமரைப் போட்டு, உடம்பு நேராக நின்று ஒரே சீராகத் தள்ளுங்கள். பத்து விநாடிக்கொருமுறை பிட்டைச் சுற்றியபடியே வெளியே இழுத்துத் தூளை வெளியேற்றுங்கள். கல் மண்ணாகக் கொட்டும் வகை என்றால் ஹமரே வேண்டாம், சுற்றினால் போதும், 6 மி.மீ. பிளக்குக்கு 5.5 மி.மீ. பிட் போடலாம். துளைக்குள் ஊதித் தூளை அகற்றிய பிறகே பிளக். 6 மி.மீ. பிளக்குக்கு 4 முதல் 5 மி.மீ. வரை ஸ்குறூ, 8 மி.மீ. பிளக்குக்கு 4.5 முதல் 6 வரை. மெல்லிய ஸ்குறூ போட்டால் பிளக் விரியாது.

திடீரென்று பிட் நின்று, சத்தம் மாறி, தூளில் மினுக்கம் தெரிந்தால் கம்பி. தள்ளாதீர்கள், ஒரு அங்குலம் விலத்திப் போடுங்கள்.

பாலையும் முதிரையும்

பிணைச்சல் பூட்டும் 4 மி.மீ. ஸ்குறூவுக்குப் பாலையில் 3 மி.மீ. துளை, 5 மி.மீ. ஸ்குறூவுக்கு 4 மி.மீ. துளை, ஸ்குறூ இறங்கும் முழு ஆழத்துக்கும். தேக்கு, வேம்புக்கு அரை மி.மீ. குறைக்கலாம். ஸ்குறூவின் மரையில் சவர்க்காரம் அல்லது மெழுகுதிரி தேயுங்கள். பித்தளை ஸ்குறூ என்றால் முதலில் அதே அளவு இரும்பு ஸ்குறூவை ஏற்றி மரை வெட்டி, கழற்றிவிட்டுப் பித்தளையைக் கையால் பூட்டுங்கள். மெஷினால் பூட்டினால் தலை போய்விடும்.

கதவுக்கு உருண்டைப் பூட்டு போட 54 மி.மீ. வட்டவாள் கேட்பார்கள். இங்கேதான் வயர் ட்ரில்லின் பலவீனம் தெரியும். அது 2,800 சுற்று அளவுக்குச் செய்த மெஷின். விசையைப் பாதி அழுத்தி மெதுவாக்கினால் முறுக்கும் குறையும், மோட்டரைக் குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகும். பத்துப் பன்னிரண்டு விநாடி வெட்டுங்கள், வெளியே எடுங்கள், தூளைத் தட்டுங்கள், முழு வேகத்தில் வெறுமனே அரை நிமிடம் ஓடவிடுங்கள். பாதித் தடிப்பு வந்ததும் மறுபக்கத்தால் வெட்டினால் பலகை பிளக்காது. தடித்த பாலைக் கதவு என்றால் ஓடாவியிடம் கொடுப்பதில் வெட்கமில்லை.

இரும்பும் ரைல்ஸும் சீற்றும்

இரும்பில் முதல் வேலை நடுக்குத்தியால் ஒரு புள்ளி. அது இல்லாமல் பிட் கேற்றின் பெயின்ற்றைச் சுரண்டி ஓடும். ஹமரை நிறுத்துங்கள். 3 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 2,500 சுற்று, 6க்கு 1,300, 10க்கு 800 என்பது நல்ல அளவு. எவர்சில்வரில் 6 மி.மீ.க்கு 500 போதும், அழுத்தம் கூட. 10 மி.மீ. துளை வேண்டுமானால் 4 மி.மீ. வழித்துளை முதலில். ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய். இரும்பு சுருள்சுருளாக வந்தால் எல்லாம் சரி. தூளாக வந்து கீச்சிட்டால் பிட் மொட்டை அல்லது வேகம் கூட. துளை மறுபக்கம் திறக்கும் கணத்தில்தான் பிட் கடித்து மெஷினையே சுழற்றும். அந்த நேரம் அழுத்தத்தை விட்டு, பக்கக் கைபிடியை இறுகப் பிடியுங்கள். ஏணியில் நிற்கும்போது இதை மறந்தால் கை முறியும்.

ரைல்ஸில் ஹமர் போட்டால் வெடிக்கும். ஒட்டுத் தாள் ஒட்டி, ஈட்டி முனைப் பிட்டால் மெதுவாக ரைல்ஸைத் தாண்டிய பிறகே கல் பிட்டும் ஹமரும். போர்சலின் வகைக்கு ஈட்டி முனை ஏறாது, வைரத்தூள் பூசிய குழாய்ப் பிட் வேண்டும். அதை ஈரப் பஞ்சால் குளிர்வியுங்கள், வயர் ட்ரில் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அஸ்பெஸ்ரஸ் சீற்றில் வரும் தூசு நுரையீரலைக் கெடுப்பது. இடத்தை நனைத்து, மெதுவான வேகத்தில், நுண்தூசுக்கான முகக்கவசத்துடன், அலையின் மேட்டில் மட்டும் துளை போடுங்கள். பள்ளத்தில் போட்டால் ஒழுகும். துளை போல்ட்டை விட 2, 3 மி.மீ. பெரிதாக இருந்தால் வெயிலில் சீற் விரியும்போது வெடிக்காது. தூசைக் கூட்டாதீர்கள், ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைக் கட்டி எறியுங்கள்.

எந்த வேலையானாலும் கண்ணாடி போடுங்கள். கையுறை வேண்டாம், சுற்றும் பிட் அதை இழுக்கும். சாரத்தின் தொங்கல், சால்வை, அவிழ்ந்த கூந்தல், மூன்றையும் கட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

என்ன பிழைத்தது, ஏன்?

பிளக் சுற்றிக்கொண்டே வருகிறதா? துளை பெரிதாகிவிட்டது. 8 மி.மீ. ஆக்கிப் பெரிய பிளக் போடுங்கள். தீக்குச்சி திணிப்பது திரைச்சீலைக்குத் தாங்கும், சுவர்த் தட்டுக்குத் தாங்காது.

மரத்தில் புகை வருகிறதா? பிட் மொட்டை, அல்லது மெஷின் பின்பக்கமாகச் சுற்றுகிறது. சிரிக்க வேண்டாம், அடிக்கடி நடப்பது இதுதான். கொங்கிறீற்றில் பிட் நகரவில்லை என்றாலும் முதலில் சுற்றும் பக்கத்தை மாற்றும் நகர்த்தியையே பாருங்கள்.

பிட் சக்குக்குள் வழுக்கினால் சாவியை ஒரு துளையில் மட்டும் போட்டு இறுக்கியிருப்பீர்கள். மூன்று துளையிலும் மாறிமாறி இறுக்குங்கள். சக்கையே மாற்ற வேண்டி வந்தால், வாயைத் திறந்து உள்ளே பாருங்கள். அடியில் ஒரு ஸ்குறூ இருக்கும், அது இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழரும்.

ஸ்குறூவின் நட்சத்திரம் தேய்ந்தால் பிட்டின் அளவு பிழை, அல்லது பின்னாலிருந்து அழுத்தம் போதவில்லை.

வைத்துப் பாவித்தல்

ட்ரில்லால் பெயின்ற் கலக்கலாம். ரைல்ஸ் பசையும் சீமெந்தும் கலக்கினால் ஹமர் ட்ரில்லின் பல்சக்கரம் தேயும், மோட்டர் கருகும். இந்தப் பாவிப்பில் போகும் மெஷின்கள் ஏராளம்.

பங்குனி தொடங்கி ஆவணி வரை தகரக் கொட்டகைக்குள் பற்றரியை வைக்காதீர்கள். வீட்டுக்குள் நிழலில், பாதிச் சாஜில் வையுங்கள். வேலை முடித்த சூட்டோடு சாஜில் போடாமல் அரை மணி ஆறவிடுங்கள். மாரியில் பிட்டுகளுக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றுங்கள்.

சீமெந்துத் தூசு மோட்டருக்குள் தங்கினால் சுருளை அராவும். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் காற்றுத் துவாரத்தைத் தூரிகையால் துடைத்து, ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். தலைக்கு மேலே துளை போடும்போது ஒரு யோகட் கப்பின் அடியில் ஓட்டை போட்டுப் பிட்டில் செருகினால் தூசு சக்குக்குள் இறங்காது. கார்பன் 5 மி.மீ. அளவுக்குக் குறைந்ததும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழையதைக் கையில் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள், அரை மி.மீ. தடித்தது கூட்டுக்குள் சிக்கும். புதுக் கார்பன் போட்டதும் பாரம் வைக்காமல் ஐந்து நிமிடம் ஓட்டினால் அது தேய்ந்து பொருந்தி, பொறியும் தானாக அடங்கும்.